கண்டென்சர் மைக்கைத் திறக்கும் முன்: வடசென்னைப் பாடகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வியாசர்பாடியில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு லென்ஸ் விளக்கு, ஒரு சால்டரிங் அயன். கடை என்றால் அவ்வளவுதான். கானா பாடுகிறவர்கள், சர்ச் பாட்டு பதிகிறவர்கள், யூடியூபில் கதை சொல்கிறவர்கள் எல்லாரும் மைக்கைத் துணிப்பையில் போட்டு எடுத்து வருகிறார்கள். எல்லாரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். வாசலில் நின்று பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

அண்ணே, இந்த மைக்கை மாற்றி அமைத்தால் ஸ்டூடியோ சவுண்டு வருமா?

முதலில் நான் கேட்பது, எந்த அறையில் பாடுகிறீர்கள் என்று. ஓட்டேரியிலிருந்து ஒரு தம்பி வந்தார். "குரல் தகர டப்பாக்குள்ள இருக்கிற மாதிரி கேக்குது, கேப்சூல் மாத்திடுங்க" என்றார். கேப்சூல் என்பது மைக்கில் குரலை வாங்கும் பாகம். அவர் போனில் பதிவைக் கேட்டேன். ஒவ்வொரு வரி முடிந்ததும் குரலுக்குப் பின்னால் ஒரு 'ணங்' நின்று மறைந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் மேலே சிமெண்ட் ஷீட், மூன்று பக்கமும் வெறும் சுவர், நடுவில் மைக். தகர டப்பா அந்த அறைதான்.

கட்டிலில் கிடந்த பஞ்சு மெத்தையை எடுத்து, பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்தோம். மைக்குக்குப் பின்னால் வைப்பதைவிட அங்கே வைப்பதுதான் பலன் தரும். கார்டியாய்டு மைக் தன் முதுகுப் பக்கத்தை ஓரளவு ஒதுக்கிவிடும். ஆனால் பாடகர் தலைக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து திரும்பி வருவதை அப்படியே வாங்கிக்கொள்ளும். தலைக்கு மேல் ஒரு கம்பளியையும் கொடியில் போட்டோம். அன்றைக்கு மைக்கைத் திறக்கவே இல்லை.

மெத்தை வைத்த பிறகும் குறை இருந்தால் வாருங்கள், திறக்கலாம்.

உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது?

இரண்டே விஷயம். மேலே கேப்சூல், கீழே சர்க்யூட். கேப்சூலில் தங்கம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று, துளை போட்ட பித்தளைத் தட்டுக்கு முன்னால் முரசுத் தோல் போல இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. இரண்டும் சேர்ந்து மின்னூட்டத்தைத் தேக்கும் ஒரு கெபாசிட்டர், அளவு சுமார் 60 பிகோ ஃபாரட். குரல் பட்டுத் தாள் அசையும்போது அந்த அளவு மாறும், அதிலிருந்து சிக்னல் பிறக்கும். 1916-இல் அமெரிக்காவில் வென்டே என்பவர் கண்டுபிடித்த தத்துவம் இது, இன்றுவரை மாறவில்லை.

அந்தச் சிக்னல் மிகவும் பலவீனமானது, வயர் நீளத்துக்குக்கூடத் தாங்காது. அதனால் கேப்சூலுக்குப் பக்கத்திலேயே எஃப்இடி என்ற ஒருவகை டிரான்சிஸ்டர் உட்கார்ந்து அதை வாங்கிப் பலப்படுத்தி வெளியே அனுப்பும். இதற்கெல்லாம் வேண்டிய மின்சாரம், மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸிலிருந்து அதே கேபிள் வழியாக வருகிற 48 வோல்ட் ஃபான்டம்.

விலை குறைந்த மைக்கில் 'ச', 'ஸ' எல்லாம் ஏன் கீச்சென்று காதைக் குத்துகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் 1960-இல் யு67 என்ற மைக்கையும், 1967-இல் அதன் டிரான்சிஸ்டர் வாரிசாக யு87-ஐயும் கொண்டுவந்தது. இரண்டிலும் கே67 வகைக் கேப்சூல். அந்தக் கேப்சூலின் இயல்பே மேல் ஸ்தாயியைத் தூக்கிக் கொடுப்பது. வடிவமைத்தவர்களுக்கு அது தெரியும். அதனால் சர்க்யூட்டில் எதிர்ப்பின்னூட்டம் வைத்து, கேப்சூல் தூக்கியதைச் சர்க்யூட் இறக்கிவிடும்படி செய்தார்கள். ஒன்று ஏற்ற, மற்றொன்று இறக்க, வெளியே வருவது சமமாக இருக்கும்.

பிறகு வந்த மலிவு மைக்குகளில் பல அந்தக் கேப்சூலின் வடிவத்தை மட்டும் நகலெடுத்தன. கீழே போட்டதோ வேறொரு சர்க்யூட். அது வந்ததை வந்தபடியே வெளியே தள்ளும், எதையும் இறக்காது. சாம்பார்ப் பொடியில் காரம் தூக்கலாகப் போட்டு, புளியைக் கரைக்க மறந்த கதைதான். பொடி நல்ல பொடிதான், குழம்புதான் பாதி.

நம்ம கானாவில் இது இன்னும் மோசமாகத் தெரியும். 'மச்சி', 'பிச்சி' என்று வரிக்கு வரி 'ச்ச' விழும். வாயை மைக்குக்கு ஒட்டி, பல்லைக் கடித்துப் பாடுகிற பாணி வேறு.

அதைச் சரிசெய்ய என்ன வழி?

மூன்று வழி உண்டு. முதல் வழிக்குக் காசே வேண்டாம். பதிவு செய்த மென்பொருளில் ஈக்யூவை (ஸ்தாயிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் வசதி) திறந்து, 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே 3 அல்லது 4 டெசிபல் சரிவாக இறக்கிக் கேளுங்கள். குத்தல் போய்க் குரல் உட்கார்ந்துவிட்டால் நோய் என்ன என்று தெரிந்துவிட்டது. அதோடு நின்றுகொள்ளலாம், தவறே இல்லை. இறக்கியும் 'ச' மணலை அரைப்பது போல் கேட்டால் அது வேறு கோளாறு: கேப்சூல் சரியாக இழுத்துக் கட்டப்படாமல் இருக்கலாம், அல்லது சர்க்யூட்டே சிதைக்கலாம்.

இரண்டாவது வழி, கேப்சூலை மாற்றுவது. கே47 வகை என்று விற்பதை வாங்கினால் மேல் ஸ்தாயி அந்த அளவு ஏறாது, நடுப்பகுதி கொஞ்சம் முன்னே வரும். இறக்கத் தெரியாத சர்க்யூட்டுக்கு ஏறாத கேப்சூல்தான் பொருத்தமான ஜோடி. வருகிறவர்களுக்கு நான் பெரும்பாலும் சொல்வது இதுதான். கரகரத்த ஆண் குரலுக்கு அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது வழி, கேப்சூலை விட்டுவிட்டுச் சர்க்யூட்டை மாற்றுவது. போர்டைப் பார்த்துப் படம் வரைந்து, எந்த இடத்தில் எவ்வளவு இறக்க வேண்டும் என்று கணக்குப் போட வேண்டும். யாரோ வீடியோவில் ஒரு கெபாசிட்டரை எங்கோ வைத்தார் என்று உங்கள் போர்டிலும் அதே இடத்தில் வைக்காதீர்கள். அவருடைய போர்டு வேறு.

கேப்சூல் மாற்றுவது கஷ்டமா?

கை நடுங்காதவருக்குக் கஷ்டமில்லை. கே47, கே67 இரண்டிலும் தாளின் நடுவில் ஒரு திருகாணி இருக்கும், அங்கிருந்துதான் வயர் வரும். விளிம்பிலிருந்து வயர் வரும் வகையும் உண்டு. அடியில் இருக்கும் தாங்கி பொருந்துமா என்று வாங்கும் முன் அளந்து பாருங்கள். பெரும்பாலான பெரிய கேப்சூல்கள் 34 மில்லிமீட்டர் அளவு.

ஃபான்டத்தை அணைத்து, கேபிளைப் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்துத் தொடங்குங்கள். தாளில் விரல் படவே கூடாது. அதன் தடிமன் சுமார் 6 மைக்ரான். தலைமுடி அதைப்போல் பத்து மடங்கு தடிமனாவது இருக்கும். நான் ஸ்க்ரூடிரைவரைக் கேப்சூலுக்கு மேலே கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு அட்டையைக் கூரை மாதிரி வைத்துக்கொள்வேன். ஒருமுறை அட்டை வைக்காமல் செய்தேன். கை வழுக்கியது, நுனி தங்கத்தில் ஒரு புள்ளி வைத்தது. அந்தக் கேப்சூலின் விலையை நான்தான் கொடுத்தேன்.

ஜெர்மன் கெபாசிட்டர், ஜப்பான் எஃப்இடி போட்டால் சவுண்டு ஏறுமா?

பாதி உண்மை, பாதி வியாபாரம்.

உண்மை என்னவென்றால், சிக்னல் போகும் பாதையில், குறிப்பாகக் கேப்சூலுக்கும் எஃப்இடிக்கும் நடுவில், எக்ஸ்7ஆர் வகைச் செராமிக் கெபாசிட்டர் இருந்தால் மாற்றுவது நல்லது. வோல்டேஜ் மாறும்போது அதன் அளவும் மாறும். தட்டினால் அதுவே ஒரு குட்டி மைக் மாதிரி வேலை செய்யும். அந்த இடத்தில் ஃபிலிம் வகையோ, பாலிஸ்டைரீனோ, சி0ஜி வகைச் செராமிக்கோ போடலாம். அளவு பெரும்பாலும் 470 முதல் 1000 பிகோ ஃபாரட்டுக்குள் இருக்கும், பழைய அளவையே போடுங்கள். பாலிஸ்டைரீனுக்குச் சூடு ஆகாது, உருகிவிடும். காலை இடுக்கியால் பிடித்துக்கொண்டு பற்றவையுங்கள், சூடு இடுக்கிக்குப் போகட்டும்.

ஏற்கெனவே நல்ல ஃபிலிம் இருக்கிற இடத்தில் பத்து மடங்கு விலையில் இன்னொரு ஃபிலிம் போட்டால் என் காதுக்கு எந்த வித்தியாசமும் தெரிந்ததில்லை. தெரிகிறது என்று சொல்பவரோடு நான் சண்டைக்குப் போவதில்லை. காசு அவருடையது.

எஃப்இடி விஷயத்தில் உஷார். ஒரே நம்பர் போட்ட இரண்டு எஃப்இடிகூட ஒன்றுபோல் இருக்காது. மாற்றினால் பயாஸை, அதாவது அது நின்று வேலை செய்யும் வோல்டேஜ் நிலையை, மறுபடி சரிபார்க்க வேண்டும். இரைச்சல் குறைவு என்று பேர் வாங்கிய கே170 எஃப்இடியின் உள்ளீட்டுக் கொள்ளளவு சுமார் 30 பிகோ ஃபாரட். 60 பிகோ ஃபாரட் கேப்சூலுக்குச் சில சர்க்யூட்டுகளில் அது வீண் சுமை. பேரைப் பார்த்து வாங்கிப் போட்டு, சிக்னல் இறங்கிப்போய் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

கேப்சூல் பக்கத்தில் இருக்கும் அந்தப் பெரிய ரெசிஸ்டர் எதற்கு? மாற்றலாமா?

கேப்சூலோடு சேர்ந்து நிற்பது பெரும்பாலும் 1 ஜிகா ஓம், அதாவது நூறு கோடி ஓம். 60 பிகோ ஃபாரட் கேப்சூலோடு சேர்ந்து அது சுமார் 2.6 ஹெர்ட்ஸ் வரை தாழ்ந்த ஒலியை உள்ளே விடும். அதை 100 மெகா ஓமாகக் குறைத்தால் ஒலி வெட்டுப்படும் எல்லை 26 ஹெர்ட்ஸுக்கு ஏறும், கூடவே இரைச்சலும் ஏறும். ரெசிஸ்டர் பெரிதாக இருந்தால் இரைச்சல் கூடும் என்று பொதுவாக நினைப்போம். இங்கே தலைகீழ், அதன் இரைச்சலைக் கேப்சூலே அமுக்கிவிடுகிறது. ஆகவே குறைக்காதீர்கள். விரலாலும் தொடாதீர்கள், காரணம் அடுத்த பதிலில்.

நானே சால்டரிங் செய்தேன், அதற்குப் பிறகு 'கரகர' என்கிறது. ஏன்?

எந்த பேஸ்ட் போட்டீர்கள்? பத்தில் எட்டுப் பேர் வட்ட டப்பாவில் வரும் அந்த மஞ்சள் பேஸ்டைத்தான் காட்டுகிறார்கள். பைப்புக்கும் தகரத்துக்கும் சரி, இங்கே விஷம். நூறு கோடி ஓம் நிற்கிற இடத்தில் பேஸ்டின் மெல்லிய படலமோ, விரல் ரேகையின் எண்ணெயோ போதும். மின்சாரம் அதன் வழியாகக் கசியும், கசிவது கரகரவென்று கேட்கும்.

ரோசின் உள்ளே வைத்த மெல்லிய ஈயக்கம்பி மட்டும் போதும், தனியாக எதுவும் தடவ வேண்டாம். முடித்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பழைய டூத் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்து, சுத்தத் துணியால் ஒற்றி, இரண்டு மணி நேரம் காய விடுங்கள். கேப்சூல் பக்கம் ஒரு சொட்டும் போகக் கூடாது. தின்னர், பெட்ரோல் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். கரகர என்று என்னிடம் வந்தவற்றில் பாதிக்கு மேல் இந்தக் குளியலிலேயே சரியானவை.

மழைக்காலத்தில் மட்டும் வெடிக்கிற மாதிரி சத்தம் வருகிறது. காசிமேட்டில் வீடு.

கடல் காற்று. ஈரமும் உப்பும் சேர்ந்து மேலே சொன்ன அதே இடத்தில் படிகிறது. ஐப்பசி, கார்த்திகையில் என் மேசையில் வரிசையாகக் கிடப்பது காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் மைக்குகள்தான்.

பாடி முடித்ததும் ஸ்டாண்டிலேயே விட்டுவிடாதீர்கள். மூடி இறுகுகிற ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறும் வகை மணி ஈரம் குடித்ததும் நிறம் மாறும், சூடு காட்டினால் பழையபடி ஆகும். அதற்கென ஒரு பழைய தவாவை ஒதுக்குங்கள், தோசைக்கல்லில் போடாதீர்கள். அரிசிக்குள் புதைப்பதும் கூடாது, தவிட்டுத் தூள் உள்ளே போய்த் தாளில் உட்காரும்.

உப்பு இன்னொரு வேலையும் செய்யும். கம்பிவலைக் கூடு மைக் உடம்போடு மின்தொடர்பில் இருந்தால்தான் வெளியிலிருந்து வரும் ரீங்காரத்தைத் தடுக்கும். அந்தச் சேரும் இடம் துருப்பிடித்தாலோ, பெயிண்ட் மூடியிருந்தாலோ 'ம்ம்ம்' என்ற சத்தம் வரும், போன் பக்கத்தில் இருந்தால் 'டிட் டிட் டிட்' வரும். திருகு சேரும் இடத்தில் பெயிண்டை உப்புத்தாளால் லேசாகச் சுரண்டிவிடுங்கள். இதுவும் ஒரு 'மாடிஃபிகேஷன்'தான், செலவு ஒரு துண்டு உப்புத்தாள்.

கம்பிவலையை எடுத்துவிட்டால் சவுண்டு திறந்த மாதிரி இருக்கும் என்கிறார்களே?

சில மைக்குகளில் இரண்டு மூன்று அடுக்கு வலை இருக்கும். உள் அடுக்கு அடர்த்தியாக இருந்தால் ஒலி அதில் பட்டுத் திரும்பிக் கேப்சூலுக்கே வரும். அதை எடுத்தால் கொஞ்சம் தெளிவு கூடும், கேட்டிருக்கிறேன். கூடவே 'ப' எல்லாம் வெடிக்கும், எச்சில் நேராகத் தாளுக்குப் போகும். வாய்க்கும் மைக்குக்கும் நடுவே வைக்கும் திரையான பாப் ஃபில்டர் கட்டாயம். வெளி வலையை மட்டும் எக்காரணத்துக்கும் எடுக்காதீர்கள்.

பல பேரில் விற்கிற அந்த பிஎம்-800 மலிவு மைக் இருக்கிறது. மாற்றலாமா?

முதலில் கூட்டைக் கழற்றிப் பாருங்கள். பலவற்றில் பெரிய வளையத்தின் நடுவே சட்டைப் பட்டன் அளவில் ஒரு எலக்ட்ரெட் மட்டும் இருக்கும். எலக்ட்ரெட் ஒன்றும் மட்டமில்லை. 1962-இல் பெல் ஆய்வகத்தில் வெஸ்டும் செஸ்லரும் கண்டுபிடித்தது, மின்னூட்டத்தைத் தானே பிடித்து வைத்திருக்கும். ஆனால் அதை எடுத்துவிட்டுப் பெரிய கேப்சூல் வைத்தால் வெளியிலிருந்து வோல்டேஜ் தர வேண்டும், அந்தப் போர்டில் அது இருக்காது. கேப்சூல், புது போர்டு எல்லாம் வாங்கியபின் பழையதில் மிஞ்சுவது இரும்பு உடம்பு மட்டும். கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவருக்கு அருமையான பயிற்சி. பாட்டு அவசரமாக வேண்டும் என்பவருக்கு வேண்டாம். யுஎஸ்பி மைக் என்றால் நான் தொடுவதில்லை.

மூன்று முறை பழுது பார்த்தும் சத்தம் கம்மியாகவே வருகிறது.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒருவர் இதே புகாரோடு வந்தார். என் மேசையில் மைக் நன்றாகப் பாடியது. அவர் வீட்டு மிக்சரைக் கொண்டுவரச் சொல்லி, மல்டிமீட்டரின் ஒரு முனையை மைக் கேபிள் மாட்டும் இடத்தின் முதல் பின்னிலும் மறுமுனையை இரண்டாவது பின்னிலும் வைத்தேன். மைக் மாட்டாத நிலையில் 44 முதல் 52 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். காட்டியது 15. மிக்சர் மேல் '48 வோல்ட்' என்று சிவப்பில் அச்சடித்திருந்தது. நூறு ரூபாய் மீட்டர் வேலையை அவர் மூன்று கடைக்குக் காசு கொடுத்துத் தள்ளிப்போட்டிருந்தார்.

டோலக் அடித்தால் பிசிறுகிறது.

இன்டர்ஃபேஸில் கெயினைக் குறைத்தும் பிசிறினால், மைக்குக்குள்ளேயே எஃப்இடி திணறுகிறது. மைக்கில் சிக்னலை 10 டெசிபல் இறக்கும் பேட் சுவிட்ச் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் இரண்டடி தள்ளி வையுங்கள். டோலக்குக்கு டைனமிக் மைக்கே மேல்.

வால்வு மைக் வைத்திருக்கிறேன், திறக்கலாமா?

உள்ளேயும் அதன் பவர் பாக்ஸிலும் நூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் தங்கியிருக்கும். ஆளைக் கொல்லும். தெரிந்தவரிடம் கொடுங்கள்.

தாளில் தூசி தெரிகிறது, ஊதலாமா?

ஊதினால் எச்சில் போகும். விட்டுவிடுங்கள், நாலு தூசிக்கு ஒன்றும் ஆகாது.

பாகங்கள் எங்கே வாங்குவது?

ரெசிஸ்டர், கெபாசிட்டர், ஈயம், ஆல்கஹால் எல்லாம் மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவில் கிடைக்கும். 1 ஜிகா ஓமைக் கேட்டால் பல கடைக்காரர்கள் "1 மெகாவா?" என்பார்கள், எழுதிக் காட்டுங்கள். கேப்சூல் ஆன்லைனில்தான்.

மாற்றியது நன்றாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாற்றும் முன் பதிந்து வையுங்கள். இதை யாரும் செய்வதில்லை, பிறகு ஞாபகத்தோடு ஒப்பிடுகிறார்கள். அதே அறை, அதே தூரம், ஒரு சாண். 'பச்ச மிளகா சட்னி' என்று மூன்று முறை, 'பாப்பாவுக்குப் பப்பாளி' என்று மூன்று முறை, பிறகு உங்கள் பாட்டில் நாலு வரி. முப்பது விநாடி மௌனத்தையும் பதியுங்கள், இரைச்சல் அதில்தான் தெரியும். பேசின் பிரிட்ஜ் பக்கம் வீடு என்றால் ரயில் இல்லாத நேரமாகப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். கேட்கும்போது இரண்டு பதிவையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் சத்தமாக இருப்பதுதான் நல்லதாகத் தெரியும். எது எது என்று உங்களுக்குச் சொல்லாமல் வீட்டில் ஒருவரைப் போடச் சொல்லுங்கள்.

பிடிக்கவில்லை என்றால் பழையபடி ஆக்க முடியுமா?

பழைய பாகங்களைத் தூக்கிப்போடாமல் இருந்தால் முடியும். நான் ஒவ்வொன்றையும் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் போட்டு, மேலே பேரும் தேதியும் எழுதி உரிமையாளரிடமே கொடுத்துவிடுவேன். புளியந்தோப்பில் ஒரு கானா பாடகர் புதுக் கேப்சூலோடு இரண்டு மாதம் பாடிவிட்டுத் திரும்பி வந்தார். "சவுண்டு சூப்பரா இருக்கு தல. ஆனா கேக்கறவங்க வேற யாரோ பாடற மாதிரி இருக்குங்கறாங்க" என்று தீப்பெட்டியை நீட்டினார். அரை மணி நேரத்தில் பழையதை மாட்டிக் கொடுத்தேன். புதுக் கேப்சூல் இப்போது அந்தத் தீப்பெட்டியில் இருக்கிறது.